துருவல் பொறியின் உயவும் பராமரிப்பும்

பட்டறைகளில் மில்லிங் மெஷின் எனப்படும் துருவல் பொறி, சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரமாகும். பம்புத் தண்டில் சாவிக்காடி வெட்டுதல், பற்சக்கரம் செய்தல், தளத்தைச் சமப்படுத்துதல் ஆகியவை இதன் முக்கிய வேலைகள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டை போன்ற வேளாண் ஊர்களில், பம்பு மற்றும் உழவுக்கருவிப் பழுதுகளுக்கு இப்பொறி பயன்படும். வீட்டுப் பட்டறை வைப்போர் பழைய பொறியையே வாங்குவதுண்டு. அதன் சறுக்குத் தளங்கள் ஒருமுறை தேய்ந்துவிட்டால், சுரண்டியோ சாணை பிடித்தோதான் சீராக்க முடியும். அதற்கான செலவு சிறு பட்டறைக்குத் தாங்காது. ஆகவே தேய்மானத்தைத் தடுக்கும் உயவே பராமரிப்பின் அடிப்படை.

உயவு தேவைப்படும் இடங்கள்

பொறியின் மேசை நீளவாக்கிலும் குறுக்கிலும் மேலும் கீழுமாகவும் நகரும். இந்நகர்வு மிக மெதுவானது. வேகமாகச் சுழலும் தண்டு தன் சுழற்சியாலேயே எண்ணெயை இழுத்துப் படலம் அமைத்துக்கொள்ளும். மெதுவாக நகரும் மேசைக்கு அந்த வசதி இல்லை. அதன் எடை எண்ணெயைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். அப்போது மேசை ஒட்டி ஒட்டி விடுபட்டு நகரும்; வெட்டிய பரப்பில் வரிகள் விழும். சறுக்குத் தளங்கள், திருகுத் தண்டுகள், அவற்றின் மரைகள், பற்சக்கரப் பெட்டி, சுழல்தண்டின் பேரிங்குகள் ஆகியவை உயவு தேவைப்படும் பிற இடங்கள்.

எண்ணெய்த் தேர்வு

சறுக்குத் தளங்களுக்கு ஒட்டும் தன்மை கொண்ட ஸ்லைடுவே எண்ணெய் ஏற்றது. பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68 தரம் பயன்படுகிறது. இந்த எண், 40 பாகை செல்சியசில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கும். 20 பாகையில் இதே எண்ணெய் ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டியாக இருக்கும். கோடையில் தகரக் கூரைப் பட்டறை 40 பாகையை நெருங்கும்போது எண்ணெய் இளகி விரைவில் வழிந்துவிடும். எனவே குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் இடைவெளியைவிட அடிக்கடி எண்ணெய் இட வேண்டியிருக்கும்.

பற்சக்கரப் பெட்டிக்கும் சுழல்தண்டுக்கும் பொறியின் தகட்டிலோ கையேட்டிலோ குறித்த எண்ணெயையே இட வேண்டும். பழைய இன்ஜின் எண்ணெயில் கரியும் உலோகத் துகளும் கலந்திருப்பதால் அது தேய்மானத்தைக் கூட்டும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

முதலில் துடைத்தல், பிறகு எண்ணெய்

அழுக்கின்மேல் ஊற்றிய எண்ணெய், உலோகத் துகளுடன் சேர்ந்து வால்வு தேய்க்கும் பேஸ்டைப் போல வேலை செய்யும். ஆகவே தூரிகையால் சீவல்களை நீக்கி, துணியால் துடைத்த பின்பே எண்ணெய் இட வேண்டும். காற்றுக் குழாயால் ஊதினால் துகள்கள் துடைப்பான் ரப்பருக்கு அடியில் புகுந்துவிடும். வார்ப்பிரும்பின் தூள் மிக நுண்ணியது. அதை வெட்டிய அன்றே தளங்களைத் துடைப்பது அவசியம். சறுக்குத் தளத்தில் கிரீஸ் பூசினால் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பல பொறிகளில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா இடத்துக்கும் எண்ணெய் அனுப்பும் பம்பு உண்டு. தொட்டியில் எண்ணெய் குறையாமலே இருந்தால், குழாய் அடைத்துள்ளது என்று பொருள். இக்குழாய்களில் கிரீஸ் ஏற்றினால் சிறு துளைகள் அடைபடும்.

அட்டவணை

வேலை தொடங்கும்முன்: சறுக்குத் தளங்களுக்கும் திருகுத் தண்டுகளுக்கும் எண்ணெய் இட்டு, மேசையை முழு நீளத்துக்கும் நகர்த்துதல்.
வேலை முடிந்தபின்: சீவல்களை நீக்கித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுதல்.
வாரந்தோறும்: பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல்.
மாதந்தோறும்: எண்ணெய்க் குழாய்கள், பெல்ட்டின் இறுக்கம், கைச்சக்கரத்தின் வெற்றுச் சுழற்சி ஆகியவற்றைச் சோதித்தல்.

மழைக்காலமும் வெள்ளமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரக்காற்றால் துரு எளிதில் பிடிக்கும். ஓடாத பொறிக்கும் அப்போது எண்ணெய்ப் பூச்சு தேவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையாலும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீராலும் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த பொறியை உடனே இயக்கிப் பார்க்கக் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்து, வண்டலை நல்ல நீரால் கழுவி, துடைத்து, மண்ணெண்ணெயால் ஈரத்தை அகற்ற வேண்டும். பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. அதை வடித்துப் புது எண்ணெய் இட வேண்டும். மோட்டாரை வைண்டிங் கடையில் உலர்த்தி, காப்புத்திறன் சோதித்த பின்பே பொறியை இயக்கலாம்.

பாதுகாப்பு

மெயின் சுவிட்சை அணைத்த பின்பே துடைக்கவும் எண்ணெய் இடவும் வேண்டும். சுழலும் வெட்டுக்கருவி அருகே துணியோ பஞ்சோ கொண்டு சென்றால் அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். கையுறையும் இதே காரணத்தால் தவிர்க்கப்படுகிறது. தரையில் சிந்திய எண்ணெயை மரத்தூள் தூவி உடனே அகற்ற வேண்டும்.