கொல்கத்தாவில் ஒரு நாள்: டிராம் இருக்கும்போதே ஏறிவிடலாம்!

கொல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதா? பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஏற வேண்டிய வண்டிகளின் பட்டியலைப் போட்டுக்கொள்ளலாம். படகு, டிராம், மஞ்சள் டாக்ஸி, மெட்ரோ. இந்த நான்கிலும் ஏறி இறங்கினாலே ஊர் ஓரளவு பிடிபட்டுவிடும். இவற்றில் இரண்டு, அடுத்த முறை போகும்போது இருக்குமா என்பது சந்தேகம்தான்.

திங்கள், ஞாயிறு வேண்டாம். திங்களன்று அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஞாயிறன்று புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

காலை: படகும் பூக்களும்

ஹவுரா ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. சில ரூபாய் டிக்கெட்டில் ஹூக்ளி ஆற்றைக் கடக்கலாம். ஆற்றுக்கு நடுவே போகும்போது ஹவுரா பாலம் முழுசாகத் தெரியும். 1943-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு, போல்ட்டும் இல்லை. சுமார் 26,500 டன் எஃகும் ரிவெட்டால் இணைக்கப்பட்டது.

அக்கரையில், பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. செவ்வந்திச் சரங்களை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு நடக்க வேண்டும். விடியற்காலையில் போனால்தான் முழு அழகு. பசித்தால் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், பிறகு மண் குவளையில் டீ.

முற்பகல்: புத்தகமும் டிராமும்

அடுத்து காலேஜ் ஸ்ட்ரீட். நடைபாதை நெடுகப் பழைய, புதிய புத்தகக் கடைகள். மாடியில் இருக்கும் காபி ஹவுஸில், தலைப்பாகை கட்டிய சர்வர்கள் காபி கொண்டுவருவார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினாலும் யாரும் எழுப்பமாட்டார்கள்.

ஷியாம்பஜார் - எஸ்பிளனேட் டிராம் இந்தத் தெருவழியே போகும். அன்று ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. 1873-ல் குதிரை இழுத்த டிராம், 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. இன்று ஓடும் தடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஸ்பிளனேட் - மைதான் தடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024-ல் அறிவித்தது. குறுகலான சாலைகளில் டிராமால் நெரிசல் என்பது அரசின் வாதம். புகையில்லாத வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்கிறார்கள் டிராம் ஆர்வலர்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

மாலை: மஞ்சள் டாக்ஸியும் மெட்ரோவும்

எஸ்பிளனேடிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்திய அருங்காட்சியகம். 1814-ல் தொடங்கியது. எகிப்திய மம்மியை விட்டுக் குழந்தைகள் நகரமாட்டார்கள். அங்கிருந்து அம்பாசடர் டாக்ஸி பிடித்து விக்டோரியா மெமோரியல் போகலாம். அந்தக் காரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. 15 வயதைத் தாண்டிய டாக்ஸிகள் ஓடக் கூடாது என்பது விதி. அதனால் மஞ்சள் அம்பாசடர்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன.

வெண்பளிங்கு மாளிகையையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, எஸ்பிளனேடுக்குத் திரும்பி மெட்ரோவில் ஹவுராவுக்கு ஏறலாம். காலையில் படகில் கடந்த அதே ஆற்றை இப்போது அடியில் கடக்கிறோம். 2024-ல் தொடங்கிய இந்தச் சுரங்கப் பாதையில், ஆற்றுக்குக் கீழே இருக்கும் 520 மீட்டரை நீல விளக்குகள் காட்டிக்கொடுக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் தவறவிடுவார்கள்!

சென்னையில் டிராம் 1953-ல் நின்றுபோனது. அதில் ஏறிய சிறுவர்கள் இன்று எண்பதை எட்டியிருப்பார்கள். வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், முடிந்தால் அவர்களையும் அழைத்துப் போகலாம். பேரப்பிள்ளைகளோடு மறுபடி டிராமில் உட்கார, இந்தியாவில் அவர்களுக்கு வேறு ஊர் இல்லை.