தீப்பெட்டிக்குள் ஒரு ரோடு ரோலர்

சாலை போடும் இடத்தில் ரோடு ரோலர் வந்து நின்றால், அதைச் சுற்றிச் சிறுவர் கூட்டம் சேராமல் இராது. விரைந்தோடும் கார்களைவிட, யானையைப் போல் அசைந்து வரும் அந்த யந்திரமே குழந்தை உள்ளத்தைக் கவர்கிறது. அது உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுப் பொருளான வரலாற்றையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள், 1947-ஆம் ஆண்டு, வட லண்டனில் பழைய மதுவிடுதி ஒன்றில் உலோக வார்ப்புத் தொழிலைத் தொடங்கினர். குடும்பப் பெயர் ஒன்றாயினும் அவர்கள் உறவினர் அல்லர். இருவர் பெயரிலிருந்தும் சில எழுத்துக்களை எடுத்து இணைத்து, ‘லெஸ்னி’ என்று தொழிலுக்குப் பெயர் சூட்டினர். ஜாக் ஓடல் என்ற வார்ப்பு வல்லுநரும் அவர்களோடு சேர்ந்தார். துத்தநாகக் கலவையைச் சுமார் 400 டிகிரி வெப்பத்தில் உருக்கி, எஃகு அச்சினுள் பெரும் அழுத்தத்தோடு செலுத்துவதே இத்தொழில். உலோகம் நொடியில் இறுகிவிடும்; நுண்ணிய கோடுகளும் தெளிவாகப் பதியும். 1948-இல் இவர்கள் செய்த முதற்பொம்மை, ஏவ்லிங் பார்போர்டு கம்பெனியின் டீசல் ரோலரைப் பின்பற்றியது. பின்னர், கொரியப் போர்க் காலத்தில் துத்தநாகத்திற்குக் கட்டுப்பாடு வந்து, பொம்மைத் தொழில் முடங்கிற்று.

ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்றொரு விதி உண்டாம். அதற்கு முன் அக்குழந்தை தீப்பெட்டியில் கொண்டு போனவை சிலந்திகள் என்றும் சொல்வர்! தந்தையார் பித்தளையில் ஒரு குட்டி ரோலரைச் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் அதுபோல் வேண்டும் என்றனர். 1953-இல், தீப்பெட்டி என்று பொருள்படும் ‘மாட்ச்பாக்ஸ்’ வரிசை பிறந்தது. முதல் எண் ரோலருக்கு. இரண்டாவது மண் கொட்டும் டம்பருக்கு. மூன்றாவது சிமெண்டு கலக்கும் யந்திரத்துக்கு.

இவ்வரிசையில் பெட்டியே அளவுகோல். பஸ் ஆயினும் ரோலர் ஆயினும் பெட்டிக்கு ஏற்பவே சுருங்க வேண்டும். முதல் ரோலரின் நீளம் ஏறக்குறைய 47 மில்லிமீட்டர். பச்சை உடல், சிவப்பு உருளைகள். அப்பச்சையிலும் இளம்பச்சை, கரும்பச்சை என்ற வேறுபாடு உண்டு. சேகரிப்போர் இதைப் பெரிதாகப் பேசுவர். வர்ணம் கலக்கும்தோறும் நிறம் சற்றே மாறியிருக்கும் என்பதற்கு மேல் இதில் மர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1955-இலும் 1958-இலும் புதிய அச்சுக்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் ரோலர் சிறிது வளர்ந்தது. 1962-இல் வந்த நான்காம் வடிவமோ 67 மில்லிமீட்டரை எட்டிவிட்டது. தீப்பெட்டி விதி என்ன ஆயிற்று? பெட்டியும் கூடவே வளர்ந்தது! உலோக உருளைகள் போய்ப் பிளாஸ்டிக் உருளைகள் வந்ததும் அப்போதுதான். பாரமே உயிரான ஒரு யந்திரத்திற்குக் கனமற்ற உருளைகள் பொருந்துமா? அழகில் குறைவில்லை எனினும், இம்மாற்றத்தை என்னால் மெச்ச முடியவில்லை.

1968-இல் முதல் எண் ஒரு மெர்சிடிஸ் லாரிக்குப் போயிற்று. லெஸ்னி கம்பெனியே 1982-இல் நொடித்துப் போயிற்று.

பெட்டியோடு கூடிய, வர்ணம் சிதையாத ரோலருக்குச் சேகரிப்போர் மிகுந்த விலை கொடுக்கின்றனர். ஆகவே, தேய்ந்த பொம்மைக்குப் புதுவர்ணம் பூசி, பழைய வர்ணமென்றே விற்பாரும் உளர். வாங்குவோர் பொம்மையைக் கவிழ்த்து, அடியில் வார்த்த எழுத்துக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்க வேண்டும். கையால் பூசிய வர்ணம் தடித்துப் படிந்து, அவ்வெழுத்துக்களின் விளிம்பை மழுங்கச் செய்திருக்கும்.