மினி பஸ்ஸில் 19 பேர்

மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பும் மினி பஸ்ஸில் ஏழு சீட். ஏற வேண்டிய குழந்தைகள் 19 பேர். ஒரு சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம், நெருக்கினால் மூன்று பேர். எத்தனை சீட்டில் மூவர், எத்தனையில் இருவர்?

எட்டாம் வகுப்பு மாணவன் என்றால் எக்ஸ், ஒய் என்று எழுதத் தொடங்கிவிடுவான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாமஸ் கார்ப்பென்டரும் அவருடைய குழுவும் இதைக் கேட்டது கிண்டர்கார்டன் பிள்ளைகளிடம். மொத்தம் 70 பேர். ஆளுக்கு ஒன்பது கணக்குகள். பெருக்கலும் மீதி வரும் வகுத்தலும்கூட அவற்றில் இருந்தன. எண்ணிப் பார்க்கச் சில்லுகள், தாள், பென்சில் எல்லாம் கையருகே வைத்திருந்தார்கள். கணக்கை வாசித்துக் காட்டினார்கள்; கேட்டால் திரும்பவும் வாசித்தார்கள்.

முடிவு 1993இல் வெளியானது. ஒன்பது கணக்குக்குமே பொருத்தமான வழியைப் பிடித்தவர்கள் 32 பேர். ஏழோ அதற்கு மேலோ சரியாக விடை சொன்னவர்கள் 44 பேர். ஒன்றுமே வராதவர்கள் ஐந்தே பேர். அந்த பஸ் கணக்கிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தேறினார்கள். இவர்கள் பொறுக்கியெடுத்த மேதைகள் அல்ல. ஆனால், இப்படிக் கதையாகச் சொல்லும் கணக்குகளை அந்த ஆண்டு முழுக்க ஆசிரியர்கள் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்து வயதுப் பிள்ளை இதை எப்படிப் போடும்? 19 சில்லுகளை எண்ணி எடுக்கும். தாளில் ஏழு கட்டம் வரையும். கட்டத்துக்கு இரண்டாக வைத்துக்கொண்டே போனால் 14 தீர்ந்து, கையில் ஐந்து மிஞ்சும். அதையும் விடாமல் கட்டத்துக்கு ஒன்றாகச் சேர்க்கும். இப்போது தாளைப் பார்த்து எண்ணினால் போதும்: மூன்று உள்ள கட்டம் ஐந்து, இரண்டு உள்ளது இரண்டு. வாய்ப்பாடு வேண்டாம், சமன்பாடு வேண்டாம். கதையில் நடப்பதை அப்படியே நடத்திப் பார்க்கத் தெரிந்தால் விடை வந்துவிடும்.

வளர வளர இந்த வழி சுருங்கும். ஐந்து கோலி இருக்கிறது, 13 ஆக இன்னும் எத்தனை வேண்டும்? சின்னப் பிள்ளை ஐந்து சில்லு வைத்து, 13 வரும்வரை அடுக்கி, புதிதாக வைத்ததை எண்ணும். கொஞ்சம் தேறியது, ‘ஆறு, ஏழு, எட்டு...’ என்று 13 வரை விரலை மடக்கும். அடுத்த கட்டத்தில், ‘அஞ்சும் அஞ்சும் பத்து, இன்னும் மூணு... எட்டு’ என்று வாயாலேயே முடித்துவிடும்.

இப்படி யோசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பிறகு எங்கே கோளாறு வருகிறது? பிரான்ஸின் கிரெனோபிளில் 1980 வாக்கில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு குறும்புக் கேள்வி போட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு. கப்பல் தலைவனின் வயது என்ன? 76 பேர் அந்த எண்களை வைத்தே ஏதோ கணக்குப் போட்டு வயதைச் சொன்னார்கள்! சில ஆண்டுப் பள்ளிப் படிப்பு, கதையைத் தள்ளிவிட்டு எண்களை மட்டும் பொறுக்கப் பழக்கியிருந்தது.

“கூட்டலா மிஸ், கழித்தலா?” என்ற கேள்வி நம் வகுப்பறைகளுக்கும் புதிதல்ல. ‘மொத்தம்’ வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி என்று குறுக்குவழி சொல்லித் தருபவர்களும் உண்டு. சரி, நான்கு மாங்காயைக் கொடுத்த பிறகு மீதி ஒன்பது. முதலில் எத்தனை இருந்தது? ‘மீதி’யை நம்பியவன் ஐந்து என்று எழுதுவான். மாங்காயை மனதில் பார்த்தவன் 13 என்பான்.

கார்ப்பென்டரும் சக ஆய்வாளர் எலிசபெத் ஃபென்னமாவும் தங்கள் குழுவோடு 1989இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு ஆசிரியர்களைப் பற்றியது. முதல் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேரில் பாதிப் பேருக்கு ஒரு மாதப் பயிற்சி. பாடத்திட்டம் எதையும் கையில் திணிக்கவில்லை. பிள்ளைகள் எந்தக் கணக்கை எப்படி யோசிக்கிறார்கள் என்பதை மட்டும் விளக்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் வகுப்பில் கதைக்கணக்குகளை அதிகம் கொடுத்தார்கள், விடை வந்த வழியை விசாரித்தார்கள். கூட்டல், கழித்தல் விடைகளை மனப்பாடமாக்க மற்றவர்களைவிடக் குறைவான நேரமே செலவிட்டார்கள். ‘அடிப்படையே ஆட்டம் கண்டுவிடுமே’ என்று எந்தப் பெற்றோரும் பதறக்கூடிய இடம் இது. கடைசியில் சோதித்தபோது, அந்த மனக்கணக்கு விடைகளிலும் இவர்களுடைய பிள்ளைகளே முந்தியிருந்தார்கள்.

(தொடரும்)