இரவில் பின்வாங்கத் தெரிந்தவன்



சென்ற மாத நிகழ்ச்சியில் கணினி விளையாட்டைப் பற்றி நான் பேசியபோது, "பிள்ளைகள் ஏற்கனவே அதில்தான் மூழ்கிக் கிடக்கிறார்கள், நீங்களுமா?" என்று ஒரு தாயார் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டவன். வேறு சிலர், அன்று சொன்ன கணக்குகள் காதில் விழுந்த வேகத்தில் மனதில் நிற்கவில்லை, எழுதித் தாருங்கள் என்றார்கள். இருவருக்குமாக இந்தக் கட்டுரை.

என் மகனுக்கு அப்போது 15 வயது. மெல்பேர்ணில் ஆடி மாதம் என்றால் குளிர்காலம், பள்ளிக்கூட விடுமுறை, வெளியே மழை. அவன் கணினியில் வாளும் ஈட்டியுமாக ஒரு படையை நகர்த்திக்கொண்டிருந்தான். எனக்குச் சண்டை விளையாட்டுக்கள் பிடிக்காது. சண்டை நடந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு ஏன் பிடிக்காது என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மின்சாரச் செருகியைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

கடைசியில் நான்தான் இறங்கிப் போனேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "சரி, இது என்னெண்டு எனக்கும் சொல்லித் தா" என்றேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'த பற்றில் ஃபோர் வெஸ்நோத்'. டேவிட் வைட் என்பவர் 2003இல் தொடங்கியது. பிறகு உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள், இன்றும் வளர்க்கிறார்கள். இலவசமானது. மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மனிதர், எல்ஃப் என்னும் காட்டு மக்கள், மலைக் குள்ளர்கள், ஓர்க்குகள், எழுந்து நடக்கும் எலும்புக்கூடுகள் என்று எல்லாம் கற்பனை உலகம். சதுரங்கம்போல ஒருவர் ஆடி முடித்த பிறகுதான் மற்றவர் ஆடவேண்டும். அவசரமே இல்லை. ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடலாம். நாங்கள் அப்படித்தான் ஆடினோம்.

சமநிலை என்றால் சமபலம் அல்ல

வழக்கமான ஆட்டத்தில் ஆறு அணிகள். ஓரணியில் இருப்பது மற்றதில் இல்லை. அப்படியானால் ஆட்டம் எப்படி நியாயமாகும்? நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆடு வெட்டாது. ஆனாலும் ஆடுகளை வைத்திருப்பவர் கூட்டாக நெருக்கிப் புலியை அடைத்துவிடுவார். பலம் வேறு வேறு, வெல்லும் வாய்ப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்று. விளையாட்டுக்களில் சமநிலை என்று சொல்வது இதைத்தான்.

வெஸ்நோத்தில் அந்தத் தராசு பொன். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலை உண்டு. மனித அணியின் ஈட்டிக்காரன் 14 பொன், ஓர்க் வாள்வீரன் 12 பொன். 84 பொன் கையில் இருந்தால் ஆறு ஈட்டிக்காரர் அல்லது ஏழு ஓர்க்குகள். ஈட்டிக்காரனுக்கு உயிர்ப்புள்ளி 36. அவன் 7 புள்ளி வீதம் மூன்று முறை குத்துவான், தூரத்திற்கு ஒரு எறியீட்டியும் வைத்திருப்பான். ஓர்க்குக்கு உயிர்ப்புள்ளி 38. அவன் 9 புள்ளி வீதம் இரண்டு முறை வெட்டுவான், ஆனால் தூரத்திலிருந்து அடிக்க அவனிடம் எதுவும் இல்லை. அதனால் வில்லாளி ஒருவன் எய்தால் அவன் பதிலடி கொடுக்காமல் வாங்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். மலிவுக்கு அவன் கொடுக்கும் விலை அது.

இந்த எண்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறுவதுண்டு. யாராவது ஒரு வீரன் அளவுக்கு மீறி வெல்வதாகத் தெரிந்தால் அவன் விலையில் ஒரு பொன்னைக் கூட்டுவார்கள், அல்லது அடியில் ஒரு புள்ளியைக் குறைப்பார்கள். பொற்கொல்லர் தராசில் குன்றிமணி வைப்பதுபோன்ற வேலை.

பகலும் இரவும்

இனித்தான் முக்கியமான விஷயம். வெஸ்நோத்தில் பொழுது ஓடிக்கொண்டே இருக்கும். விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு என்று ஆறு முறைக்கு ஒரு நாள். மனிதர் பகல்காரர். பகலில் அவர்களுடைய அடி 25 வீதம் கூடும், இரவில் 25 வீதம் குறையும். ஓர்க்குகளுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் இது தலைகீழ். விடியலிலும் அந்தியிலும் யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எல்ஃப்களில் பெரும்பாலானோருக்கு இரவும் பகலும் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பகலில் ஈட்டிக்காரனின் 7 புள்ளி 9 ஆகிறது, மூன்று குத்துக்கு 27. ஓர்க்கின் 9 புள்ளி 7 ஆகிறது, இரண்டு வெட்டுக்கு 14. இரவில் ஈட்டிக்காரனுக்கு 5 வீதம் 15தான், ஓர்க்குக்கோ 11 வீதம் 22. அதே இரண்டு பேர், அதே இடம். பொழுது மட்டும்தான் மாறியது.

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் தோற்றேன். முதல் மூன்று ஆட்டமும் ஒரே மாதிரி. பகலில் முன்னேறி ஆற்றைக் கடப்பேன், இரண்டு கிராமங்களைப் பிடிப்பேன். அந்தி வரும். பிடித்த இடத்தை விடுவதா என்று அங்கேயே நிற்பேன். பின்னிரவு முடிகிறபோது என் ஈட்டிக்காரர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் மகன் தன் முறையை ஆடாமல் என்னைப் பார்த்தான். "அப்பா, இருட்டுது. பின்னுக்கு வாங்கோ."

"பிடிச்ச இடத்தை விட்டிட்டு ஓடச் சொல்லுறியோ?"

"ஓடுறேல்லை அப்பா. விடியுமட்டும் உயிரோட இருக்கிறதுதான் இப்ப வேலை. இடம் எங்கையும் போகாது."

நான் பதில் சொல்லவில்லை. ஊரையும் வீட்டையும் விட்டு வந்து எத்தனையோ வருடங்கள். ஓடி வந்தவன் என்ற சொல்லை வேறு யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. அவன் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். அன்றிரவு எனக்கு நித்திரை வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நிலமும் வரிசையும்

பின்வாங்குவதிலும் முறை இருக்கிறது. ஒவ்வொரு நிலத்திலும் அடி படாமல் தப்பும் வாய்ப்பு வேறு. ஈட்டிக்காரனுக்குப் புல்வெளியில் 40 வீதம், கிராமத்திலும் கோட்டையிலும் 60 வீதம், ஆழமற்ற ஆற்றுநீரில் 20 வீதம். குள்ளர்களுக்கு மலையில் 70 வீதம். எல்ஃப்களுக்குக் காடுதான் வீடு.

இரவில் மூன்று ஓர்க்குகள் ஒரு ஈட்டிக்காரனைத் தாக்குகிறார்கள் என்று வையுங்கள். புல்வெளியில் நின்றால் 22இல் 60 வீதம், அதாவது ஆளுக்குச் சராசரி 13. மூவருமாக ஏறக்குறைய 40. 36 புள்ளிக்காரன் பெரும்பாலும் செத்துப்போவான். அதே ஆள் கிராமத்துக்குள் நின்றால் ஆளுக்குச் சராசரி 9, மூவருமாக 27க்கும் குறைவு. காயத்தோடு தப்புவான். கிராமத்தில் நிற்பவனுக்கு ஒவ்வொரு முறையும் 8 புள்ளி காயம் ஆறும்.

கட்டங்கள் அறுகோணமானவை. தனியே நிற்பவனை ஆறு பக்கமும் சூழலாம். நேர்வரிசையில் தோளோடு தோள் நின்றால் நடுவில் உள்ளவனை முன்னாலிருந்து இரண்டு பேர்தான் தொடமுடியும். எதிரியை அடுத்த கட்டத்தில் கால்வைத்தவன் அந்த முறை அங்கேயே நின்றுவிடவேண்டும் என்பதும் விதி. அதனால் சிறிது இடைவெளி விட்டு நிறுத்தினாலும் எதிரியால் ஒரேயடியாக ஊடறுத்துப் பின்னால் போகமுடியாது. பின்வாங்கும்போது ஆற்றை முன்னால் விட்டுக் கரையில் நில்லுங்கள். தண்ணீரில் நின்று தாக்குபவனுக்குத் தப்பும் வாய்ப்புக் குறைவு. விடிந்ததும் அவன் அங்கேயே நின்றால் அடி உங்களுடையது.

யாருக்கு எதிராக யார்

ஆளறிந்து ஆளை அனுப்புவது அடுத்த பாடம். எலும்புக்கூட்டின் மேல் ஈட்டி வேலை செய்யாது. குத்தும் ஆயுதத்தின் அடியில் 60 வீதத்தை அது தாங்கிக்கொள்ளும். அந்தியில் ஈட்டிக்காரனின் 7 புள்ளி அதன்மேல் 3 ஆகிவிடும். நெருப்பும் நசுக்கும் ஆயுதமும் 20 வீதம் கூடவே படும். நெருப்பு எறியும் மந்திரவாதிக்கு 8 வீதம் மூன்று முறை, தண்டாயுதம் வைத்திருக்கும் கவசவீரனுக்கு 13 வீதம் இரண்டு முறை. மந்திரம் எந்த நிலத்திலும் 70 வீதம் படும். ஆனால் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 24தான், விலையோ 20. கவசவீரன் நடப்பது ஆமைவேகம். ஒருவரிடமும் எல்லாம் இல்லை.

குதிரைவீரனைப் பாருங்கள். விலை 23. அவன் பாய்ந்து தாக்கினால் கொடுக்கும் அடியும் இரண்டு மடங்கு, வாங்கும் அடியும் இரண்டு மடங்கு. அருகில் வந்தால் திருப்பி அடிக்க ஆயுதமே இல்லாத சூனியக்காரன்மேல் பாய்ந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். ஈட்டிக்காரன்மேல் பாய்ந்தால் முதற்குத்து ஈட்டிக்காரனுடையது. குதிரைக்கு ஈட்டி 20 வீதம் கூடவும் படும். சாதாரண வேளையில் ஒரு குத்துக்கு 17 புள்ளி. மூன்றும் பட்டால் 51, அவனிடம் இருப்பது 38. பதினான்கு பொன் ஆள் இருபத்துமூன்று பொன் ஆளை வீழ்த்திவிடுவான். விலை கூடியவன் எப்போதும் வெல்வான் என்றால் அது சமநிலை இல்லை, விலைப்பட்டியல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கதையாகத் தொடரும் ஆட்டங்களில் செத்தவன் செத்தவன்தான். தப்பியவன் அனுபவம் பெற்று, அடுத்த கட்டத்தில் மேல்நிலை வீரனாகத் திரும்பி வருவான். அநேகமான வீரர்களுக்குப் பெயரும் இருக்கும். அதனால் என் மகன் ஒரு ஈட்டிக்காரனைக் காப்பாற்ற ஒரு கிராமத்தையே விட்டுக்கொடுப்பான். சண்டை விளையாட்டு பிள்ளையைக் கல்மனதாக்கிவிடும் என்று பயந்த எனக்கு அதைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்: எல்லா விளையாட்டும் இப்படி என்று நான் சொல்லவரவில்லை. நேர எல்லை வையுங்கள், பாடம் முடிந்த பிறகு என்று சொல்லுங்கள். ஆனால் செருகியைப் பிடுங்குமுன் ஒருநாள் பக்கத்தில் இருந்து, "இந்த ஆள் ஏன் இந்த இடத்தில் நிற்கிறான்?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்குவான். நீங்கள் பலகாலம் கேட்காத அளவு நீளமாக விளக்குவான்.

நான்காவது ஆட்டத்தில் அந்தியிலேயே பின்வாங்கினேன். இரண்டு கிராமங்களை விட்டேன். கரையில் வரிசை கட்டி இரவைக் கழித்தேன். விடிந்தபோது என்னிடம் ஐந்து ஈட்டிக்காரர் மிச்சம். அவனுடைய ஓர்க்குகள் தண்ணீருக்குள். மகன் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இண்டைக்கு நீங்கள்தான் அப்பா" என்றான்.

இப்போது அவன் வேலை நிமித்தம் வேறு நகரத்தில். சனிக்கிழமை இரவுகளில் இணையத்தின் வழியே ஒரு ஆட்டம் ஆடுவோம். அநேகமாக நான்தான் தோற்பேன். ஆனால் இருட்டத் தொடங்கினால் பின்னுக்கு வாங்கோ என்று அவன் சொல்லவேண்டிய தேவை இப்போது இல்லை.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.