வருஷத்தில் 5 நாள் கொடைக்கானல். 360 நாள் கடைவீதி!

வீட்டுக்கு மனை வாங்குவது, பெண்ணுக்கு வரன் பார்ப்பது. இந்த இரண்டுக்கும் அடுத்தபடியாக நம் குடும்பங்களில் எல்லாரும் அபிப்பிராயம் சொல்லும் காரியம் கார் வாங்குவதுதான். மாமா ஒரு பெயரைச் சொல்வார். மைத்துனர் இன்னொன்றைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர், "அந்த இரண்டையும் தவிர எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்" என்பார். தினமும் அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போகப் போகிற வீட்டு அம்மாளை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்!

திண்டுக்கல் பக்கத்தில் கார் பேச்சு எடுத்தால் சின்ன எஸ்.யூ.வி.யில்தான் வந்து நிற்கிறது. "கொடைக்கானல் பக்கத்திலேயே இருக்கிறதே, மலை ஏறும் வண்டியாக வேண்டாமா?" என்று ஐயா ஆரம்பிப்பார். வாஸ்தவம்தான். ஆனால் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். கொடைக்கானலுக்கு வருஷத்தில் எத்தனை நாள் போகிறோம்? தாராளமாகவே கணக்குப் போட்டாலும் ஐந்து நாள். மீதி 360 நாளும் மணிக்கூண்டு, நாகல்நகர், பேகம்பூர், பஸ் ஸ்டாண்டு. மிஞ்சிப் போனால் புடவை எடுக்கச் சின்னாளபட்டி, சுவாமி தரிசனத்துக்குப் பழனி. காரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த 360 நாளுக்காக.

நாலு மீட்டர் ரகசியம்

எஸ்.யூ.வி. என்றால் ஆதியில் ஜீப் மாதிரி நாலு சக்கரங்களுக்கும் என்ஜின் சக்தி போய், காடு மேடெல்லாம் ஏறும் வண்டி. இன்று ஷோரூமில் நிற்கும் சின்ன எஸ்.யூ.வி.க்களில் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்கள் இரண்டுதான் வண்டியை இழுக்கின்றன. அதாவது, சாதாரணக் காரையே கொஞ்சம் உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றில் அநேகமாக எல்லாமே நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்கியிருப்பது ஏன் தெரியுமா? 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதி மந்திரி ப. சிதம்பரம் சிறிய கார்களின் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் நாலு மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உடனே கம்பெனிகள் அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டன. 2013-இல் சென்னை அருகே மறைமலை நகரில் தயாராகி வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! நம் பழைய அம்பாஸடரோ 4,325 மில்லிமீட்டர். இந்தக் கணக்குப்படி அது பெரிய கார்!

2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அதே எல்லைதான். அதற்குள் அடங்கிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி 18 சதவீதம். மீறியவற்றுக்கு 40 சதவீதம். வரிக்காக ஏற்பட்ட இந்தக் குள்ள உருவம், நம் ஊர்த் தெருக்களுக்கு ஒரு வரப்பிரசாதம்!

நாடா கொண்டு போங்கள்

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டு வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவையும் நாதாங்கியையும் பார்த்துத்தான் பூட்டு வாங்குவோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டாயிற்றே! காருக்கும் அதே நியாயம்தான். முதலில் உங்கள் வீட்டுக் கேட்டின் அகலத்தையும், தெரு திரும்பும் இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு வண்டிகள். 2023-இல் வந்த ஹுண்டாய் எக்ஸ்டர் 3,815 மில்லிமீட்டர் நீளம், 1,710 மில்லிமீட்டர் அகலம். அதே வருஷம் புது உருவில் வந்த டாடா நெக்ஸான் 3,995 மில்லிமீட்டர் நீளம், 1,804 மில்லிமீட்டர் அகலம். அகலத்தில் வித்தியாசம் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பின் ஸீட்டில் மூன்று பேர் உட்காரும்போது அந்த நாலு அங்குலம் சொர்க்கம். குறுகிய சந்தில் எதிரே ஒரு ஆட்டோ வரும்போது அதே நாலு அங்குலம் தலைவலி! வீட்டில் நாலு பேரா, ஆறு பேரா, வாசலில் பத்தடிச் சந்தா, இருபதடித் தெருவா என்பதைப் பொறுத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாட்டியின் முழங்கால்

இந்த வண்டிகளில் உண்மையான சௌகரியம் ஒன்று உண்டென்றால் அது ஸீட்டின் உயரம். தாழ்ந்த காரில் பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார வேண்டும். ஜீப்பில் ஏணி வைத்து ஏற வேண்டும். நடுத்தரமான உயரம் என்றால், முழங்கால் வலியுள்ள பாட்டி நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடலாம். ஆகவே பாட்டியையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் புடவை கட்டிக்கொண்டே ஏறி இறங்கிப் பாருங்கள். கொசுவம் தடுக்கினால் அந்த வண்டி தினசரிக்கு உதவாது.

தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி எக்ஸ்டரில் 185 மில்லிமீட்டர், நெக்ஸானில் 208 மில்லிமீட்டர். உயரமான வேகத்தடைகளுக்கு இது தாராளம். அதற்காக மழைத் தண்ணீர் தேங்கிய ரயில்வே சுரங்கப் பாதையில் தைரியமாக இறங்கிவிடாதீர்கள். என்ஜின் மூச்சு விடும் குழாய்க்குள் தண்ணீர் போனால் எஸ்.யூ.வி.யும் ஒன்றுதான், மொபெட்டும் ஒன்றுதான்!

ஓட்டப் போகிறவர் நீங்களானால் இன்னொரு சோதனை. முதுகு ஸீட்டில் சாய்ந்தபடியே கிளட்சை முழுக்க அழுத்த முடிகிறதா? அப்படி உட்கார்ந்த நிலையில் ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் பத்து அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா? முன்னால் பானெட்டின் விளிம்பு தெரிகிறதா? இவை மூன்றும் சரியாக இருந்தால் பாதிப் பொருத்தம் முடிந்தது.

டீசலா, பெட்ரோலா?

"டீசல்தான் சிக்கனம்" என்பது பழைய பாட்டு. 2020-இல் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து தீர வேண்டுமானால், வண்டி அவ்வப்போது நல்ல வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட் என்று ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்; செலவு வைக்கும். அடிக்கடி திருச்சி, கோயமுத்தூர் என்று போகிறவர்களுக்கு டீசல் சரி. ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோலே உத்தமம்.

சி.என்.ஜி. எடுப்பதானால் டிக்கியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிலிண்டர் அடைத்துக்கொண்டது போக மிச்ச இடத்தில் உங்கள் அரிசி மூட்டை உட்கார வேண்டும்.

மடியில் குழந்தை

இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். முன் ஸீட்டில் அம்மா, அவள் மடியில் குழந்தை. நம் ஊரில் தினமும் காணும் காட்சி இது. அன்பினால் செய்வதுதான். ஆனால் மோதலின்போது குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும்போது, அதன் முழு அடியையும் குழந்தைதான் வாங்கும். குழந்தையின் இடம் பின் ஸீட். அதிலும் அதற்கென்று உள்ள தனி ஆசனம். 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெல்ட்டோ தனி ஆசனமோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதமா பெரிது!

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.கேப் திட்டத்தில் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தனி மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். விற்பனைக்காரர் முதலாவதைத்தான் சொல்வார். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். பின் ஸீட்டின் நடுவில் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் இருக்கிறதா, குழந்தை ஆசனத்தை மாட்டும் கொக்கிகள் எங்கே என்று தொட்டுப் பாருங்கள்.

பத்து லட்சக் கோடு

நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் அமலான ஆயுள் வரிக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன்படி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800 ரூபாய். விலை ஏறியது 20,000. வரி ஏறியது 53,100! "இன்னும் கொஞ்சம் போட்டால் மேல்கூரை திறக்கும் மாடலே கிடைக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். தவிரவும், திண்டுக்கல் வெயிலில் எத்தனை நாள் கூரையைத் திறக்கப் போகிறோம்? அந்தப் பணத்துக்குப் பின் ஸீட்டுக்கும் ஏ.ஸி. காற்று வரும் மாடலையும் கூடுதல் காற்றுப்பைகளையும் கேளுங்கள். இன்ஷூரன்ஸையும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் விசாரித்துவிட்டு எடுக்கலாம்.

அப்படியானால் கொடைக்கானல்?

போகலாம், பேஷாகப் போகலாம்! வத்தலக்குண்டு வழியாக ஏறும் மலைப்பாதை தார் ரோடு. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். நாலு சக்கர இழுவை எதற்கும் அவசியமில்லை. எக்ஸ்டரின் 83 குதிரைச் சக்தி ஐந்து பேரோடு வளைவில் கொஞ்சம் முனகும். இரண்டாவது கியருக்கு மாற்றினால் ஏறிவிடும். நெக்ஸானின் 120 குதிரைச் சக்தி முனகாமல் ஏறும். வித்தியாசம் அவ்வளவே. மலையில் உயிரைக் காப்பது இறங்கும்போது போடும் கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். கிளட்ச் இல்லாத வண்டியானாலும் கியரைத் தாழ்த்தி வைக்க வழியிருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஷோரூம்காரர்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது ஐயா மட்டும் போய் நான்கு வழிச் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் போதாது. பாட்டி, குழந்தைகள் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை நீங்கள் பிடியுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் மணிக்கூண்டைச் சுற்றி, உங்கள் தெருவுக்குள் திரும்பி, உங்கள் வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திப் பாருங்கள். வியர்க்காமல் நிறுத்த முடிந்தால், அட்வான்ஸ் கொடுக்கலாம்.