பத்து மணித் தூரம்

சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர் என்றும், நடுவில் எங்கும் இறங்காத விமானம் அதனைப் பத்து, பதினொரு மணி நேரத்தில் கடந்துவிடும் என்றும் கேட்கும்போது, லண்டன் ஏதோ கன்னியாகுமரிக்குச் சற்று அப்பால் இருக்கும் ஊர் போன்ற பிரமை உண்டாகிறது. உயர்ந்த ஆகாயத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று அங்கே போகிறவனை எதிர்த்து நின்று, தாயகம் திரும்புகிறவனைத் தள்ளிக்கொண்டு வருவதால், வரும் பிரயாணம் இன்னும் சற்றுக் குறைவு.

ஆனால் செங்கல்பட்டு வாசிக்கு அந்தக் கணக்கு போதாது. பரனூர் சுங்கச்சாவடியையும் பெருங்களத்தூர் நெரிசலையும் தாண்டி மீனம்பாக்கம் சேரவே, ஞாயிறு மாலையானால், இரண்டு மணி நேரம் ஆகிவிடும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கவேண்டும். இறங்கிய பின் சோதனைகள், மீண்டும் ஒரு ரயில். வாசற்படியிலிருந்து வாசற்படிவரை பதினெட்டு மணி நேரம் என்பதே யதார்த்தம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குள், நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட பழைய கல்லறைகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி அரையாண்டுக்கு மேலாகக் கப்பலில் வந்து இங்கே மாண்ட டச்சுக்காரர்களின் மரணச் செய்தி, சொந்த ஊரை எட்டவும் அத்தனை மாதங்கள் ஆகியிருக்கும். நம்மவர்களோ, 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கிடந்தார்கள். இன்று அது நான்கு மணி நேரம். கப்பலேறியவன் திரும்பப் பல வருஷங்கள் ஆகும் என்று போகிறவனும் வீட்டாரும் அறிந்திருந்தபடியால், திரும்பியவன் மாதக்கணக்கில் வீட்டில் தங்கினான்.

என்னை வாட்டும் கவலை இங்கேதான் ஆரம்பமாகிறது. ‘ஏதாவதென்றால் ஒரே நாளில் வந்துவிடலாம்’ என்ற தைரியமே, வரவேண்டிய காலத்தில் வராதிருக்கக் காரணமாகிவிடுகிறது. செங்கல்பட்டுத் தெருக்களில் இப்போது அடிக்கடி காணும் காட்சி இது: கூடத்தில் கண்ணாடி மூடிய ஃப்ரீசர் பாக்ஸ், அதன் மின்கம்பி ஜன்னல் வழியே அடுத்த வீட்டுக்குப் போகிறது, மாலைகள் வாடிக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் வருவோர் போவோரிடமெல்லாம் “பையன் பிளைட் ஏறிட்டானா?” என்று விசாரிக்கிறார்கள். விமானம் இல்லாவிடில் அந்தக் கடைசி முகதரிசனமும் கிட்டாதே என்பாரும் உளர், அதுவும் மெய்யே. எனினும் உயிரோடிருந்த தாய் எத்தனை தீபாவளிகளுக்கு வழிபார்த்திருந்தாளோ, அத்தனைக்கும் அதே பத்து மணி நேரந்தானே தூரமாக இருந்தது?

அயல்நாட்டில் இருக்கும் வாசகர்களே, அடுத்த பொங்கலுக்கு இப்போதே டிக்கெட் எடுங்கள். மூன்று நாளைக்கல்ல, மூன்று வாரத்துக்கு எடுங்கள். உங்கள் பெற்றோர் இதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆகையால் அவர்கள் பொருட்டு நான் கேட்கிறேன்.