பையனுக்கு 'சூப்பர்', அப்பாவுக்கு 'சுமார்'! 'அயலான்' பட்டிமன்றத்தில் யார் சொல்வது சரி?

சென்னை: ஒரே படம், ஒரே ஷோ, பக்கத்துப் பக்கத்து சீட். வெளியே வந்ததும் பையன் 'சூப்பர்' என்கிறான், அப்பா 'சுமார்தான்' என்கிறார். அம்மா, 'பரவாயில்ல, பிள்ளைங்களோட பயமில்லாம பாக்கலாம்' என்று நடுவில் நிற்கிறார். 2024 பொங்கலுக்கு வந்த சிவகார்த்திகேயனின் 'அயலான்' படத்துக்கு நடந்த கூத்து இதுதான்.

படம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் வாதம் ஓயவில்லை. மறுபடி போட்டால் வாண்டுகள் ரிமோட்டைத் தர மாட்டார்கள். பெரியவர்கள், 'இதையே எத்தனை தடவைடா பாப்பே' என்று சலித்துக் கொள்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரெண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை. எப்படி என்று கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கதை என்ன?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக... கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறை கிராமத்து விவசாயி தமிழ். இந்த வேடத்தில் சிவகார்த்திகேயன். மண்ணில் இருக்கும் எல்லா உயிருக்கும் வாழ உரிமை உண்டு என்று நினைக்கிற ஆள். பிழைப்பு தேடி சென்னைக்கு வருகிறார். இங்கே யோகி பாபு, கருணாகரன், கோதண்டம் என்று ஒரு கோஷ்டியோடு சேர்கிறார்.

இன்னொரு பக்கம் ஆரியன் என்ற பெரிய கை. இந்த வில்லன் வேடத்தில் ஷரத் கெல்கர். பூமியை ஆழமாகத் துளைத்து உள்ளே இருக்கும் வாயுவை எடுக்கப் பார்க்கிறார். ஊர் அழிந்தாலும் கவலை இல்லை. அந்த வேலைக்கு அவர் கையில் இருப்பது வானத்திலிருந்து வந்து விழுந்த ஒரு கல்!

அந்தக் கல்லை மீட்க வேற்றுகிரகத்திலிருந்து ஒரு குட்டி உருவம் வந்து இறங்குகிறது. தமிழும் அதுவும் சந்திக்கிறார்கள். அதற்கு 'டாட்டூ' என்று பெயர் வைக்கிறார்கள். அதன்பிறகு ஒரே கலாட்டா.

தலைப்பிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அயலான் என்றால் அந்நியன், வெளியூர்க்காரன். பக்கத்து வீட்டுக்காரரையும் நம்ம ஊரில் அயலார் என்றுதான் சொல்வோம். வேற்றுகிரகத்திலிருந்து வந்தவன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிடுகிறான். படத்தின் மொத்தக் கதையும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

பிடித்தவர்கள் சொல்வது...

முதல் ஓட்டு டாட்டூவுக்குத்தான். பெரிய கண், சின்ன உடம்பு, குறும்பு. போதாததற்கு நடிகர் சித்தார்த்தின் குரல். அது ஏதோ கம்ப்யூட்டர் பொம்மை என்ற நினைப்பே வரவில்லை, கூட நடிக்கிற ஒரு ஆள் மாதிரியே இருந்தது என்பதுதான் பலரும் சொன்ன பாராட்டு.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. பெரிய தலை, பெரிய கண், சின்ன உடம்பு... இது கைக்குழந்தையின் அமைப்பு. அதைப் பார்த்தாலே மனுஷ மனசு இளகிவிடும். நாய்க்குட்டி, பூனைக்குட்டி மேல் பாசம் வருவதும் இதனால்தான். உலகம் முழுக்க 'நல்ல' வேற்றுகிரகவாசிகளை இந்த அச்சில்தான் வார்க்கிறார்கள். 1982-ல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் எடுத்த 'ஈ.டி.', 2003-ல் இந்தியில் ஹிருத்திக் ரோஷன் நடித்த 'கோயி மில் கயா' படத்தின் 'ஜாது', எல்லாம் ஒரே குடும்பம்.

அடுத்த பாராட்டு, குடும்பத்தோடு பார்க்க முடிந்தது என்பது. அதே பொங்கலுக்கு, அதே ஜனவரி 12-ம் தேதி, தனுஷின் 'கேப்டன் மில்லர்' வந்தது. துப்பாக்கிச் சத்தம், ரத்தம் என்று அது வேறு ரகம். அருண் விஜய்யின் 'மிஷன் சாப்டர் 1' அதிரடிப் படம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தவர்களுக்கு 'அயலான்' கை கொடுத்தது.

பிடிக்காதவர்கள் சொல்வது...

இந்தப் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதல் குறை வில்லன். கோட்டு சூட்டு போட்ட கார்ப்பரேட் முதலாளி, பெரிய ஆராய்ச்சிக் கூடம், உலகத்தையே ஆட்டிப்படைக்கும் ஆசை... இதை எத்தனை படத்தில் பார்த்தாச்சு? வில்லனின் கையாளாக வரும் இஷா கோபிகருக்கு முறைப்பதைத் தவிரப் பெரிசாக வேலை இல்லை என்றும் சொன்னார்கள்.

அடுத்த குறை, கதை போகும் பாதை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில் அடுத்து என்ன என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஹீரோயின் ரகுல் ப்ரீத் சிங் பாட்டுக்கு வந்து போகிறார், ஏ.ஆர். ரஹ்மான் இசை என்றதும் எகிறிய எதிர்பார்ப்புக்குப் பாட்டுகள் ஈடு கொடுக்கவில்லை என்ற புகார்களும் உண்டு.

டைரக்டர் ஆர். ரவிகுமாரின் முதல் படம் ஞாபகம் இருக்கிறதா? 2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை'. விஷ்ணு விஷாலும் கருணாகரனும் டைம் மெஷினை வைத்துக்கொண்டு அடித்த லூட்டி. சின்ன பட்ஜெட், பெரிய மூளை! அதைப் பார்த்து ரசித்தவர்கள் அதே புத்திசாலித்தனத்தை இதிலும் தேடினார்கள். இதில் மூளையைவிட மனசுக்கும் கண்ணுக்கும்தான் தீனி அதிகம். அந்த ஏமாற்றம்தான் 'சுமார்' என்ற வார்த்தையாக வெளியே வந்தது.

காப்பியா?

'ஈ.டி. மாதிரியே இருக்கு, ஜாது மாதிரியே இருக்கு' என்ற பேச்சும் கிளம்பியது. வழி தவறி வரும் வேற்றுகிரகவாசி, இடம் கொடுக்கும் நல்ல மனசுக்காரன், துரத்தும் கூட்டம், கடைசியில் கண்ணீரோடு 'டாட்டா'. எலும்புக்கூடு ஒன்றுதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தப் புகாரிலிருந்து 'ஈ.டி.'யே தப்பவில்லை என்பது பலருக்குத் தெரியாத கதை. வங்காளத்து டைரக்டர் சத்யஜித் ராய் 1960-களிலேயே 'தி ஏலியன்' என்று ஒரு திரைக்கதை எழுதி ஹாலிவுட் வரை கொண்டுபோனார். வங்காள கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்கும், குட்டி உருவம் ஒன்று ஊருக்குள் விளையாடும். அந்தப் படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. 'ஈ.டி.' வந்தபோது, தன் ஸ்கிரிப்ட்டின் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு படமே வந்திருக்காது என்று ராய் சொன்னார். ஸ்பீல்பர்க் அதை மறுத்தார்.

இட்லி எல்லா வீட்டிலும் இட்லிதான். சட்னியில்தான் வித்தியாசம். 'அயலான்' சட்னி, பூம்பாறை விவசாயியும் சென்னை கோஷ்டியும்!

ஏன் இவ்வளவு லேட்?

படப்பிடிப்பு தொடங்கியது 2018-ல். தியேட்டருக்கு வந்தது 2024-ல். நடுவில் என்ன ஆச்சு?

எல்லாம் பணப் பிரச்சினை. படப்பிடிப்பு நின்றது. தயாரிப்பு கை மாறியது. 2020-ல் கொரோனா. ஒருவழியாக 2021 ஜனவரியில் படப்பிடிப்பை முடித்தார்கள். அதற்குப் பிறகும் மூன்று வருஷம். 2023 தீபாவளிக்கு வருவதாக இருந்து, கிராபிக்ஸ் வேலை முடியாததால் பொங்கலுக்குத் தள்ளிப்போனது. ரிலீசுக்கு முன்னால் கடன் விவகாரம் சென்னை ஐகோர்ட்டு வரை போய்விட்டு வந்தது. படம் வெளியே வர வேண்டும் என்பதற்காகச் சம்பளமே வாங்கவில்லை என்று சிவகார்த்திகேயன் சொன்னார்.

'கம்ப்யூட்டர்ல ஒரு பொம்மையை வரையறதுக்கு மூணு வருஷமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 படம் ஓடுகிறது. ஒரு நிமிஷத்துக்கு 1,440 படம். டாட்டூ ஒரு நிமிஷம் திரையில் நின்றால் 1,440 படத்திலும் அது சரியாக இருக்க வேண்டும். கண் சிமிட்ட வேண்டும். வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெளிச்சம், எதிர்ப் பக்கம் நிழல். ஹீரோ தோளில் கை போட்டால் சட்டை கசங்க வேண்டும். ஒரு இடத்தில் பிசகினாலும் 'பொம்மைடா' என்று சின்னப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

ஷூட்டிங்கில் டாட்டூவின் இடத்தில் வெங்கட் செங்குட்டுவன் என்ற நடிகர் நின்று உடலசைவு கொடுத்தார். அப்போதுதான் எதிரில் நடிப்பவர்களுக்குக் கண் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். பிறகு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் உருவத்தைப் பொருத்தினார்கள். இந்த வேலையைச் செய்தது சென்னையில் இருக்கும் பாண்டம் எப்எக்ஸ் கம்பெனி. மொத்தம் 4,500-க்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் ஷாட்டுகள் என்று படக்குழு சொன்னது.

எம்.ஜி.ஆர். காலத்திலேயே...

தமிழ் சினிமாவுக்கு வேற்றுகிரகம் புதுசு இல்லை. 1963-லேயே எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுகிரகத்தில் எல்லாம் இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. பாடகியைத் தூக்கிக்கொண்டு போக பூமிக்கு வருகிறார்கள். வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம நம்பியார்தான்! விவசாயியான எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போய்ச் சேருகிறார்.

அப்போது கம்ப்யூட்டர் ஏது? நடிகர்களுக்கு வித்தியாசமான டிரஸ் போட்டு வேற்றுகிரகவாசி ஆக்கினார்கள். அன்றும் ஹீரோ விவசாயி, 'அயலான்' படத்திலும் ஹீரோ விவசாயி. மாறியது டெக்னிக் மட்டும்தான்.

760 ரூபாய் சமாச்சாரம்

இனி பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். படம் வந்த சமயத்தில் சென்னை மல்டிபிளக்ஸில் ஒரு டிக்கெட் 190 ரூபாய் பக்கம். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் என்றால் டிக்கெட்டே 760 ரூபாய். பாப்கார்ன், பார்க்கிங், ஆட்டோ எல்லாம் தனி. தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவருக்கு அது ஒரு நாள் உழைப்பு. லீவு போட்டு வந்தால் அன்றைய சம்பளமும் போச்சு.

அதனால் 'சுமார்' என்று சொல்கிற அப்பாவைக் குறை சொல்ல முடியாது. காசு கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு. வில்லனை இன்னும் கொஞ்சம் யோசித்து எழுதியிருந்தால் அவரும் கைதட்டியிருப்பார்.

ஆனால் பையனின் கணக்கு வேறு. அவன் வில்லனைப் பார்க்க வரவில்லை. திரைக்கதையில் ஓட்டை இருக்கிறதா என்று தேடவும் இல்லை. டாட்டூ நிஜமா, பொய்யா... அவனுக்கு அந்த ஒரே கேள்விதான். நிஜம் என்று நம்பிவிட்டான். படம் ஜெயித்துவிட்டது.

வேற்றுகிரகவாசி காமெடிப் படத்துக்குப் பரீட்சை நடப்பது இந்த இடத்தில்தான். வேறு எந்தக் குறை இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அந்த உருவத்தை நம்ப முடியவில்லை என்றால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். அந்தப் பரீட்சையில் 'அயலான்' பாஸ். கதை, வில்லன் என்ற மற்ற பாடங்களில்தான் மார்க் குறைவு. அப்பா பார்த்தது மற்ற பாடங்களை. பையன் பார்த்தது முக்கியப் பாடத்தை.

பிள்ளைகள் கட்சி தோற்கக் கூடாது!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கென்று தமிழில் வருஷத்துக்கு எத்தனை பெரிய படம் வருகிறது? பண்டிகை நாளில் வருவதெல்லாம் கத்தியும் ரத்தமும்தான். இந்த மாதிரி படம் எடுத்தால் டைரக்டருக்கு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எட்டு வருஷத்துக்கு மேல் போய்விடுகிறது, ஹீரோ சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு 'சுமார்' என்ற பேச்சு மட்டும்தான் மிஞ்சும் என்றால், அடுத்த தயாரிப்பாளர் ஏன் இந்தப் பக்கம் வரப்போகிறார்? நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

நல்லவேளையாக, ரிலீஸ் ஆன அதே மாதத்தில் ரெண்டாம் பாகம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் படம் 'சன் நெக்ஸ்ட்' தளத்திலும் வந்தது. தியேட்டருக்குப் போக முடியாத வீடுகளிலும் டாட்டூ நுழைந்துவிட்டது.

அடுத்த முறை வீட்டில் இந்தப் படம் ஓடினால், பெரியவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். டாட்டூ வரும் காட்சியில் திரையைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். படம் நல்லாருக்கா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். வில்லன் வரும்போது நீங்கள் எழுந்து போய் டீ போடலாம், தப்பே இல்லை!